"டீச்சர், எங்க வீட்டுல இது இருக்கு"

எண்பதுகளின் கடைசி. ராஜபாளையத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பெண்கள் பள்ளிக்கு வரலாறு எடுக்கப் போய்க்கொண்டிருந்தேன். அந்த வருஷம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை மதுரைக்கு மியூசியம் பார்க்கக் கூட்டிப்போனோம்.

ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், முனையில் இரும்பு போட்ட கம்பு. மலைவாசிகள் கிழங்கு தோண்டுவது. "இதெல்லாம் அந்தக் காலத்துல காட்டுல இருந்தவங்க வச்சிருந்தது. இப்ப அப்படி யாரும் கிடையாது" என்று சொல்லிக்கொண்டே நகர்ந்தேன்.

"டீச்சர், எங்க வீட்டுல இது இருக்கு."

சொன்னது, செண்பகத்தோப்பு மலையடிவாரத்துப் பளியர் பழங்குடி வீட்டுப் பிள்ளை. ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். வகுப்பில் வாயே திறக்காதவள். "காட்டுவாசி" என்று ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அதட்டியிருக்க வேண்டியவள், நானும் சேர்ந்து சிரித்துவிட்டேன்.

திங்கட்கிழமை அவள் வரவில்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே போய்விட்டாள் என்றார்கள். ஒரு வாரம் பார்த்துவிட்டு, சனிக்கிழமை நானே தேடிப் போனேன்.

குடிசை வாசலில் அவள் அம்மா கிழங்கு கழுவிக்கொண்டிருந்தாள். என்னை நிமிர்ந்து பார்த்து, "எங்க சனம் செத்துப்போச்சுன்னு சொன்னீகளாமே டீச்சரம்மா?" என்றாள். கோபமே இல்லை, நிஜமாகவே கேட்டாள்.

"தப்பா சொல்லிட்டேம்மா" என்றேன்.

உள்ளே போய் ஒரு கம்பை எடுத்து வந்து என் கையில் கொடுத்தாள். நல்ல கனம். "வெள்ளைக்காரன் சண்டைக்கு மரம் வேணும்னு எங்க ஆம்பளைகளை மலைக்குக் கூட்டிட்டுப் போனாக. மரம் விழுந்து எங்கய்யாவுக்குக் காலு போச்சு. பொறவு எங்கம்மாதான் இந்தக் கம்ப வச்சு அம்புட்டு பேருக்கும் கஞ்சி ஊத்துச்சு."

இரண்டாம் உலகப் போரை வருஷா வருஷம் பாடமாக நடத்தியவள் நான். அந்தப் போர் இந்த மலை வரைக்கும் ஏறி வந்தது எனக்குத் தெரியாது.

கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள் மகள். கூப்பிட்டேன். "நீங்களும் சிரிச்சீங்கல்ல டீச்சர்? அதை கிளாஸ்ல சொல்லுங்க. பொறவு வாரேன்" என்றாள்.

திங்கட்கிழமை கம்போடு வந்து வகுப்பு வாசலிலேயே நின்றுகொண்டாள். உள்ளே வரவில்லை. நாற்பது பிள்ளைகளும் என்னைப் பார்க்கிறார்கள். "அன்னைக்கு நான் சொன்னது தப்பு. சிரிச்சது அதைவிடத் தப்பு" என்றேன்.

அப்புறம்தான் உள்ளே வந்தாள். தாத்தா கதையை அவளே சொன்னாள். "காட்டுவாசி" என்று கேலி செய்த பிள்ளைதான் முதலில் கேட்டது: "அப்புறம் உங்க தாத்தா நடந்தாரா?"

"இல்ல" என்றாள்.

எத்தனையோ வருஷம் பாடம் நடத்தி ஓய்வு பெற்றுவிட்டேன். நடத்திய பாதி மறந்துபோச்சு. ஆனால் ஒரு பதிமூன்று வயதுப் பிள்ளை, நான் உண்மையைச் சொல்லும்வரை படி தாண்டாமல் நின்றாளே, அந்தத் தைரியத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குள் ஏதோ நிமிர்ந்து உட்காருகிறது.