குளிர்ந்தவளுக்கு ஒரு மனு

என் மனைவியின் கழுத்தில் முதல் கொப்புளங்களைப் பார்த்ததும் நான் செய்த தவறு, நோயின் பெயரை உரக்கச் சொன்னது. வைரஸ் என்றேன். மருத்துவப் பெயரையும் எழுத்துப் பிசகாமல் சொன்னேன். பணிக்காலம் முழுவதும் ஆட்சியர் அலுவலகத்தில் மனுக்களைப் பிரித்து அனுப்பியவன் நான். பெயரும் பதவியும் சரியாக இருந்தால்தான் எதுவும் நகரும் என்பது என் மதம். வேறு மதம் எனக்கு அதிகம் இருந்ததில்லை.

அயோத்தியாப்பட்டணத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு அன்றே அவளுடைய அக்கா வந்துவிட்டார். திருச்செங்கோட்டிலிருந்து பேருந்து மாறி மாறி, கை நிறைய வேப்பிலையோடு.

"ஏனுங்க மாப்பிள்ளை, ஊட்டுக்கு வந்தவங்களை இப்படித்தான் பேர் சொல்லிக் கத்துவீங்களா? முத்துப் போட்டிருக்குதுன்னு சொல்லுங்க. ஆத்தா வந்திருக்கறாங்கன்னு சொல்லுங்க."

"நாம அழைக்கலையே."

"படிச்சவங்க பேச்சு. கம்முனு இருங்க."

விதிகளை அவர் அறிவித்தார். தாளிப்பு கூடாது. படுத்திருப்பவளை நீ, வா, போ என்று பேசக் கூடாது. அவளுக்குள் ஆத்தா இருக்கிறாள். வேப்பிலையும் மஞ்சளும் போட்ட நீரை மூன்று முறை ஊற்றி முடிக்கும்வரை அவள் வாசற்படி தாண்டக் கூடாது. அரசாணைகளில்கூட இத்தனை தெளிவை நான் கண்டதில்லை.

அக்கா வருவதற்கு முன்பே டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். இந்த வயதில் நுரையீரலைத் தாக்கலாம், எச்சரிக்கையாக இருங்கள் என்றும் சொல்லியிருந்தார். நான் வேளை தவறாமல் மாத்திரை கொடுத்தேன், கொடுத்த நேரத்தைத் தாளில் குறித்தேன். மூன்றாம் நாள் காலை தலையணை உறையை மாற்றும்போது அத்தனை மாத்திரைகளும் தரையில் உருண்டன. ஒன்றைக்கூட அவள் விழுங்கியிருக்கவில்லை.

அதற்குள் இருமல் வந்திருந்தது. கொரோனா காலத்தில் வாங்கிய, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு காட்டும் கருவியை அவள் விரலில் மாட்டினேன். தொண்ணூற்று இரண்டு. கருவி பழசு என்று சொல்லிக்கொண்டு என் விரலில் மாட்டிப் பார்த்தேன். தொண்ணூற்று எட்டு. மறுபடி அவள் விரலில். தொண்ணூற்று ஒன்று.

டாக்டர் தொலைபேசியில், "உடனே கூட்டிட்டு வாங்க சார், யோசிக்காதீங்க" என்றார்.

அவள் தலையை ஆட்டினாள். "தண்ணி ஊத்தாம... படி தாண்ட மாட்டனுங்க." இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்கினாள். தூக்கிக்கொண்டு போவேன் என்றேன். "தொட்டுத்தான் பாருங்களேன்" என்றார் அக்கா, அறையின் குறுக்கே நின்று. அவர் முகத்திலும் பயம்தான். ஆனால் என் பயமும் அவர் பயமும் எதிரெதிர்த் திசையில் இருந்தன.

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது: முதல் நாள் நான் பெயரைச் சொன்னதால்தான் இப்படி ஆயிற்றோ என்று தோன்றியது. பதவிப் பெயரைத் தவறாகக் குறித்த மனுக்களை எத்தனையோ முறை திருப்பி அனுப்பியவன் நான்.

திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு வரும் மனுக்களில் ஒரு வழக்கத்தைக் கவனித்திருக்கிறேன். பட்டாவில் எழுத்துப்பிழை திருத்தக் கேட்பவர் 'ஐயா' என்ற ஒரு சொல்லோடு விஷயத்துக்கு வந்துவிடுவார். மறுநாள் வீடு இடிபடப் போகிறவர், 'ஏழைகளின் தெய்வமே, கருணைக் கடலே' என்று அரைப் பக்கம் எழுதியிருப்பார். அந்த அரைப் பக்கத்தை நான் படித்ததே இல்லை. கோரிக்கை எங்கே தொடங்குகிறது என்று தேடிச் சிவப்பில் கோடு போடுவேன்.

தெய்வங்களின் பெயர்களையும் அப்படித்தான் படித்திருந்தேன், ஓய்வுபெற்ற பிறகு, பொழுதுபோக்காக. ருத்திரன் என்றால் அழவைப்பவன் என்பார்கள். அவனைத்தான் சிவன், மங்களமானவன், என்று அழைத்தார்கள். காளிக்கு முன்னால் பத்ர என்று சேர்த்தார்கள். அதற்கும் மங்களம் என்றே பொருள். உடம்பை அனலாக்குகிறவளுக்கு வடக்கே சீதளா, குளிர்ந்தவள். இங்கே மாரி, மழை. சீழ்க் கொப்புளம் முத்து. என்ன அழகான கற்பனை என்று வியந்திருக்கிறேன். அன்று காலை அந்தக் கட்டிலருகே, அவை நடுங்கியவர்கள் வைத்த பெயர்கள் என்று தெரிந்தது. நீ இப்படித்தானே, நீ குளிர்ந்தவள்தானே என்று கெஞ்சியபடி பின்வாங்கும் ஒரு குரல்.

தரையில் உட்கார்ந்தேன். கைகூப்பினேன்.

"முத்துமாரித் தாயே, குளிர்ந்தவங்களே, மழையா இருக்கறவங்களே..."

என் மனைவி கண் திறந்தாள். "மனுவா? யாருக்குங்க... எனக்கா, அவங்களுக்கா?"

"அவங்களுக்குத்தான். உங்களுக்கு நகல்."

"முப்பத்தெட்டு வருசம்... ஒரு 'உங்களுக்கு' வர."

தந்திரமாகத்தான் தொடங்கினேன். நான்காவது பெயரை யோசிக்காமலே சொல்லியிருந்தேன். தந்திரம் என்றால் யோசித்திருப்பேன். "உங்களை இந்த ஊட்டை விட்டுப் போகச் சொல்லலை. ஆஸ்பத்திரிக்கு நீங்களும் கூட வாங்க. எங்கே தங்கோணுமோ தங்குங்க. மூச்சை மட்டும் விட்டுக் குடுங்க."

பிறகு அக்கா சமையலறைக்குள் போனார். செம்பில் நீரும் மஞ்சளும் வேப்பிலையுமாகத் திரும்பி வந்தார்.

"முறையா அழைச்சா இந்தச் செம்புல வருவாங்க. அவங்க முன்னால போனா இவ படி தாண்டறது தப்பில்லீங்க. பிடிங்க. சிந்தீராதீங்க."

இப்படி ஒரு விதிவிலக்கு இருப்பதை எனக்கு முன்பே யாரும் சொல்லவில்லை. கேட்கும் முறையில் நான் கேட்கவும் இல்லை. நான் செம்போடு முன்னால் போக, அக்கா அவளை அணைத்துக்கொண்டு படி தாண்டி வந்தார். வாடகைக் காரில் ஆத்தூர் சாலை முழுவதும் நான் சாலையைப் பார்க்கவில்லை. செம்பின் விளிம்பையும், அவள் விரலில் இருந்த எண்ணையும் மாறி மாறிப் பார்த்தேன். எண்பத்தெட்டு.

அவளை உள்ளே கொண்டுபோன பிறகு ஒரு படிவம் தந்தார்கள். பெயர், வயது, முகவரி எழுதினேன். 'நோய்' என்ற கட்டத்தில் பேனா நின்றுவிட்டது. கழுத்தில் சிறு சிலுவை அணிந்த நர்ஸ் குனிந்து பார்த்தார்.

"ஒண்ணு விட்டுட்டீங்களே, சார்."

"நீங்களே எழுதிக்கங்க, சிஸ்டர்." நிரப்பாத கட்டத்தோடு ஒரு படிவத்தை நான் கொடுத்தது வாழ்க்கையில் அதுதான் முதல் முறை.

அவள் திரும்பி வரப் பல நாட்கள் ஆயின. ஆக்சிஜன் குழாயைக் கழற்றிய அன்றுகூட நான் நிம்மதி என்று வாய்விட்டுச் சொல்லவில்லை; யார் காதில் விழுமோ. வீட்டில் முதல் தண்ணீரை அக்கா ஊற்றினார். இரண்டாவதும் ஆயிற்று. ஈரத்தலையோடு வெயிலில் உட்கார்ந்திருந்தவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"இனிமே 'நீ'ன்னே கூப்புடலாமுங்க. நான்தான் இருக்கறேன்."

"மூணாவது தண்ணி ஊத்தட்டுங்க" என்றேன்.