ஜப்பார் பள்ளம்

களப்புக் கரை ஊரான எத்தாளையில் படகோட்டும் அத்தாஉல்லா மன்னார்க்காரர். தொண்ணூறாம் ஆண்டுப் போரில் முஸ்லிம்கள் அங்கிருந்து வெளியேற்றப்பட்டபோது அவர் இளந்தாரி. மீன்பிடித் தொழில் தெரியும், படகு இல்லை. எத்தாளைக்காரரான ரஸாக்தான் தன் படகில் ஏற்றிக்கொண்டார். களப்பில் எங்கே சேறு, எங்கே கல் என்று காட்டிக் கொடுத்தவரும் அவரே.

களப்பின் நடுவில் ஓர் ஆழமான இடம் உண்டு. ரஸாக்கின் வாப்பா ஜப்பார் கச்சான் காற்றில் படகு கவிழ்ந்து மவுத்தானது அங்கேதான். ஊரார் அதை ஜப்பார் பள்ளம் என்பார்கள். ரஸாக் அதைக் கடக்கும்போதெல்லாம் எஞ்சினை நிறுத்தி வாப்பாவுக்காக ஒரு பாத்திஹா ஓதுவார். அத்தாஉல்லாவும் பக்கத்தில் இருந்து கையேந்தியிருக்கிறார்.

பிறகு சொந்தப் படகு வாங்கி, மன்னாரிலிருந்து வந்த மற்றவர்களோடு தொழிலுக்குப் போகத் தொடங்கினார். அந்தப் பள்ளம், அவர்கள் விட்டுவந்த கடலில் மரைக்கார் தாழ்வு என்ற இடத்தைப் போலவே இருந்தது. அதே பாசி, அதே நிறம். தங்களுக்குள் அதை அந்தப் பேராலேயே சொல்லிக்கொண்டார்கள். மீன்படும் மற்ற இடங்களுக்கும் அப்படியே மன்னார்ப் பேர்கள் வந்துவிட்டன.

சென்ற வருடம் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து, பூர்வீக மக்களையும் அவர்களுடைய சூழலையும் பற்றிப் படிப்பிக்கும் மர்ளியா மாணவர்களோடு வந்தார். களப்பின் இடங்களுக்கு அங்குள்ளவர்கள் வழிவழியாக வைத்த பேர்களை வரைபடத்தில் குறிக்க வேண்டுமாம். அத்தாஉல்லாவின் படகில் போனார்கள். ஒவ்வோர் இடமாக மர்ளியா கேட்கக் கேட்க, வாயில் பழகிய பேர்களே வந்தன. அவை மூத்தவர்கள் வைத்த பேர்களா என்று கேட்டபோது ஓம் என்றார். மூத்தவர்கள் வைத்தவைதான், வேறு கடலுக்கு. அதைச் சொல்ல வாய் திறந்தார். அதற்குள் மர்ளியா மாணவர்களிடம் திரும்பி, இவர்தான் இந்தக் களப்பின் ஆள் என்றார். இத்தனை வருடத்தில் அவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை. வந்தவர் என்றுதான் சொல்வார்கள். அவர் வாயை மூடிக்கொண்டார்.

வரைபடத்தை ஊருக்குக் காட்ட மண்டபத்தில் கூட்டம் வைத்தார்கள். ரஸாக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கரையிலிருந்து விரலால் தடவிக்கொண்டே போனார். விரல் நடுவில் நின்றது.

“இதென்ன, களப்ப மன்னாருக்குக் கொண்டு போயிட்டாங்களா?” என்றார். பின்னாலிருந்து சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. “யாரு இந்த மரைக்கார்?”

அத்தாஉல்லா எழுந்தார். “நான்தான் சொன்னன், காக்கா.”

“எங்கட வாப்பாட பேர் உனக்குத் தெரியாதா?”

“தெரியும்.”

தெரியாது என்று சொல்ல முடிந்திருந்தால் ரஸாக் மன்னித்திருப்பார்.

மர்ளியா குறுக்கிட்டு, நன்றாக விசாரிக்காதது தன் பிழை என்றார். இடம்பெயர்ந்தவர்களின் பேர்களும் ஆய்வுக்கு வேண்டியவையே, இரண்டையும் போடலாம் என்றார்.

“அந்தப் பேர எடுங்க மிஸ்,” என்றார் அத்தாஉல்லா. “அது அங்க கிடக்கு. இங்க வேணாம்.”

பிறகு ஒவ்வோர் இடத்துக்கும் ஊர்ப் பேரைச் சொன்னார். ஒன்றுகூட மறந்திருக்கவில்லை. தேநீர் வருவதற்கு முன்பே ரஸாக் எழுந்து போய்விட்டார்.

மறுநாள் காலை, பேர்களைத் திருத்த மர்ளியாவை ஏற்றிக்கொண்டு போனார். பள்ளத்தில் எஞ்சினை நிறுத்தினார். எதிரே வந்த ரஸாக்கின் படகும் வழக்கம்போல் நின்றது. இருவரும் கையேந்தினார்கள். ஓதி முடித்து முகத்தைத் தடவிய அத்தாஉல்லா, மற்றப் படகின் எஞ்சின் சத்தம் தேய்ந்து மறையும்வரை கைகளை முகத்திலிருந்து எடுக்கவில்லை.