துண்டுக்குள் தாளம்

தொண்ணூற்றிரண்டில் தாமிரபரணியில் பெருவெள்ளம் வந்ததே, குறுக்குத்துறைக் கோவில் முங்கி, ஆற்றங்கரைத் தெருவெல்லாம் சேறு ஏறி, மூட்டையில் இருந்த நெல் மூட்டையிலேயே முளைத்துப்போயிற்றே, அதற்கு அடுத்த வருஷம் நடந்தது இது. வருஷங்களை நான் இப்படித்தான் அடையாளம் வைத்திருக்கிறேன். பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவனுக்கு வெள்ளமும் வெயிலும்தான் காலண்டர். நான் சொல்லச் சொல்ல இதை எழுதுகிறவள் என் மகள் கோமதி. அவளுக்குப் பிடிக்காததை விட்டுவிடுவாளோ என்று ஒரு சந்தேகம் எனக்கு உண்டு.

இப்போது அந்த வருஷம் ஏன் ஞாபகம் வந்தது என்று கேட்பீர்கள். கோமதி லீவுக்கு வந்திருக்கிறாள். அவள் பிள்ளை, ஏழு வயசு, செல்போனைத் தண்ணீர்ச் செம்பில் சாய்த்து வைத்துக்கொண்டு பாட்டுப் படிக்கிறது. போனுக்குள்ளே ஒரு அம்மா சரிகம சொல்கிறார். கோமதி அடுப்படியில் அப்பளம் பொரிக்கிறாள். பேத்தி தொடையில் தாளம் போடும்போது விரல் தடுமாறியது. பக்கத்தில் சும்மா இருந்த என் கை, என்னைக் கேட்காமலே தோள்துண்டை எடுத்து அவள் கைமேல் போட்டுவிட்டது.

"தாத்தா, கை தெரியலை. அந்தத் துணியை எடுங்க" என்றார் போனுக்குள் இருந்த அம்மா.

எடுத்துவிட்டேன். ஆனால் துண்டு மடியில் சும்மா கிடக்குமா?

நான் மாட்டுத் தரகன். மேலப்பாளையத்தில் செவ்வாய்க்கிழமை சந்தை கூடும். மாட்டு விலையை வாய்விட்டுச் சொல்ல மாட்டோம். கைமேல் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து அமுக்கிச் சொல்லுவோம். ஆள்காட்டி விரலைப் பிடித்தால் ஒன்று, கூட நடுவிரலும் சேர்ந்தால் இரண்டு, அப்படியே போகும். வெளியே "மழை உண்டுமாவே?" என்று ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்போம். உள்ளே பெரிய சண்டையே நடக்கும். வைக்கோல், சாணி, வேர்வை, வெற்றிலை எல்லாம் சேர்ந்து அந்தத் துண்டுக்கு ஒரு வாசனை உண்டு. என் வீட்டுக்காரி அதை வேறு துணியோடு ஊறப்போட மாட்டாள். எனக்கு அது நல்ல வாசனைதான். சோறு போட்ட வாசனை இல்லையா?

அப்போது கோமதிக்கு ஆறு வயசு. கோவில் ஒலிபெருக்கியில் எது போட்டாலும் அப்படியே திருப்பிப் பாடுவாள். ஆற்றங்கரைத் தெருவில் ஒரு டீச்சர் சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லித் தருகிறார் என்று கேள்விப்பட்டுக் கூட்டிக்கொண்டு போனேன். யாரோ மூக்குக்கண்ணாடி போட்ட பெரிய பாடகி என்று எண்ணிப் போனால், கல்யாணமாகி ரெண்டு வருஷம் ஆகியிருக்கும், சின்னப் பெண். பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு நான் செருப்பை மாட்டினேன்.

"அண்ணாச்சி, எங்க போறிய?"

"நான் பொறவு வந்து கூட்டிட்டுப் போறேன் டீச்சர்."

"விட்டுட்டுப் போற கிளாஸ் இல்லை இது. வாரத்துல ரெண்டு நாள்தான் நான் வாத்தியார். மத்த அஞ்சு நாளும் வீட்டுல நீங்கதான். அம்மாவோ அப்பாவோ கூட உக்காந்து படிக்கணும்."

"எனக்கு எழுத்தே தெரியாதே."

"எழுத்து எதுக்கு? காது இருக்குல்லா? கை இருக்குல்லா?"

வீட்டுக்காரி காலை முதல் சாயங்காலம் வரை பீடி சுற்றுகிறவள். தட்டை விட்டு எழுந்திருக்க முடியாது. சந்தை நாள் போக மற்ற நாள் நான் சும்மாதான். அதனால் ஏழு பிள்ளைகள், ஆறு அம்மாமார், நடுவில் மீசையோடு நான்.

சுருதிப்பெட்டிக்குத் துருத்தி போடுகிற வேலையை எனக்குக் கொடுத்தார்கள். அது நல்ல வேலை. மூச்சு வாங்காமல் மூச்சு விடுகிற பெட்டி. அதன் பக்கத்தில் இருந்தால் மனசு தானாக அடங்கும். ஆனால் பெற்றவர்களும் பாட வேண்டும் என்றார் டீச்சர். நான் 'ச' பிடித்தேன். என் தொண்டைக்குத் தெரிந்தது ஆற்றுக்கு அந்தப் பக்கம் மேய்கிற மாட்டைக் கூப்பிடுகிற சத்தம் ஒன்றுதான். அம்மாமார் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள்.

"பைய அண்ணாச்சி, பைய" என்றார் டீச்சர். "மாடு அக்கரையிலயா நிக்கு?"

வீட்டில் தினமும் சாயங்காலம் நானும் கோமதியும் உட்காருவோம். எட்டு எண்ணிக்கைத் தாளம். ஒரு தட்டு, மூன்று விரல், பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. வகுப்பில் பார்த்ததை ஞாபகம் வைத்து நான்தான் சொல்லிக் கொடுத்தேன். ஒரு மாசத்தில் நன்றாகப் பழகிவிட்டாள் என்று எனக்கு ஒரே பெருமை. ஒருநாள் டீச்சர் ஒவ்வொரு பிள்ளையாகத் தனியாகப் போடச் சொன்னார். கோமதி முறை வந்தது.

"ஏட்டி, நில்லு. எந்த விரல்ல ஆரம்பிக்கே?"

"ஆள்காட்டி விரல். எங்கப்பா இப்படித்தான் சொல்லித் தந்தாவ."

டீச்சர் என்னைப் பார்த்தார். "அண்ணாச்சி, தட்டு முடிஞ்சதும் சுண்டுவிரல், மோதிர விரல், நடுவிரல். நீங்க அந்தப் பக்கத்துல இருந்து வாறிய. இது எந்த ஊர்த் தாளம்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இருபது வருஷம் துண்டுக்குள் ஆள்காட்டியில் இருந்தே எண்ணிய கை. 'ஒன்று' என்றால் அதற்கு வேறு விரலே தெரியாது.

"மேலப்பாளையம் தாளம், டீச்சர்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். டீச்சரும் சிரித்துவிட்டுத்தான் சொன்னார். "விஜயதசமிக்கு இன்னும் இருபது நாள் இருக்கு. மேடையில விரல் சரியா வரணும். வரலைன்னா இவ அடுத்த வருஷம் புதுப் பிள்ளைகளோட மறுபடி முதல்லயிருந்துதான்."

கோமதி வழியெல்லாம் அழுதுகொண்டே வந்தாள். ("நான் ஒண்ணும் அழலை, பொய் சொல்லாதிய" என்கிறாள் எழுதுகிறவள். அழுதாள். எழுதுட்டி.) மேடை ஏறப்போவதைத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாள். புதுப் பாவாடைக்குத் துணி எடுத்தாயிற்று. பிள்ளை மேல் ஒரு குற்றமும் இல்லை. என் விரல்தான் அவள் விரலைக் கெடுத்தது.

பதினைந்து நாள் மல்லுக்கட்டினோம். சுண்டுவிரல் என்று வாய் சொல்லும், அவள் கண் ஆள்காட்டியைப் பார்க்கும், கை அதன் பின்னாலே போகும். கடைசியில் எனக்கு ஒரு யோசனை. கண்தானே ஏமாற்றுகிறது? துவைத்த துண்டு ஒன்றை அவள் கைமேல் போட்டேன். உள்ளே தட்டு, சுண்டு, மோதிரம், நடு என்று ஒவ்வொன்றாக அமுக்கினேன். கூசுகிறது என்று உருண்டு புரண்டு சிரித்தாள். மூன்றாம் நாள் விரல் தானாகப் போயிற்று.

அந்தச் செவ்வாய்க்கிழமை சந்தையில் நானும் என் கூட்டாளி சுடலையும் ஒரு காளைக்கு விலை பேசினோம். துண்டுக்குள் அவன் கையைப் பிடித்தேன். அவன் முழித்தான்.

"என்னவே, சுண்டுவிரலப் புடிச்சு இழுக்கீரு? இது எத்தனை?"

"தாளம்வே."

"காளைக்கு எதுக்குவே தாளம்? விலையைச் சொல்லும்!"

விஜயதசமி அன்று ஆற்றங்கரை மண்டபத்தில் கூட்டம். வீட்டுக்காரி பீடித்தட்டை மூடி வைத்துவிட்டு வந்திருந்தாள். சுடலையும் வேட்டி மடிப்புக் கலையாமல் முன்வரிசையில் இருந்தான். பிள்ளைக்குப் பக்கத்தில் பெற்றவரும் மேடையில் உட்கார வேண்டும் என்பது எங்கள் டீச்சர் வழக்கம். கோமதி சரிகம வரிசையை நன்றாகத்தான் ஆரம்பித்தாள். திடீரென்று வெளியே யாரோ சிதறுகாய் உடைத்தார்கள். திடுக்கிட்டவள் கூட்டத்தைப் பார்த்தாள். ஆள்காட்டி விரல் மெல்ல நீண்டது.

யோசிக்கவே இல்லை. துண்டை எடுத்து இரண்டு பேர் கைமேலும் போட்டேன். தட்டு. சுண்டு. மோதிரம். நடு.

முன்வரிசையில் இருந்து சுடலை சத்தம் போட்டான்: "ஏவே! என்ன விலைக்கு முடிச்சீரு?"

மண்டபமே சிரித்தது. கோமதிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே பாடினாள், விரல் மட்டும் தப்பவில்லை. பிறகு இரண்டாம் காலம். தாளம் அதேதான், பாட்டுக்கு இரட்டை வேகம். பாட்டோடு ஓடப் பார்த்து என் கை தாளத்தைத் தவறவிட்டது. அப்போது துண்டுக்குள்ளே ஒரு சின்னக் கை என் சுண்டுவிரலைப் பிடித்து அமுக்கியது. பிறகு மோதிர விரலை. அதற்கப்புறம் கடைசித் தட்டு வரைக்கும் அவள் இழுத்த இழுப்புக்கு நான் போனேன். எத்தனையோ பேரம் அந்தத் துண்டுக்குள் முடித்திருக்கிறேன். எனக்கு இவ்வளவு லாபமான பேரம் அமைந்ததில்லை.

இறங்கும்போது டீச்சர் சொன்னார்: "துண்டுக்குள்ள என்ன நடந்துதுன்னு நான் பாக்கலை, அண்ணாச்சி. வெளிய கேட்டது சரியா இருந்துச்சு. அடுத்த பாடத்துக்கு ரெண்டு பேரும் வந்துருங்க."

டீச்சர் பாட்டுச் சொல்லித் தந்த அந்த வீட்டை இடித்து மூன்று மாடி கட்டிவிட்டார்கள். அவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ, தெரியவில்லை. சந்தை இன்னும் கூடுகிறது. ஆனால் இப்போது விலையைச் செல்போனில் எழுதி நீட்டுகிறார்கள். துண்டு வெயிலுக்குத்தான். சுடலையும் போய்விட்டான். துண்டுக்குள் விரலை நீட்டினால் 'இது எத்தனை?' என்று கேட்கக்கூட ஆள் இல்லை.

ஒரு காரியம் செய்யுங்கள். உங்களுக்குத் தெரிந்த வீட்டில் சின்னப்பிள்ளை பாட்டுப் படித்தால், இந்தக் கதையை அந்தப் பிள்ளையின் அப்பனிடம் சொல்லுங்கள். பாடத் தெரிய வேண்டாம், எழுத்தும் வேண்டாம், பக்கத்தில் போய் உட்காரச் சொல்லுங்கள். சுண்டுவிரலில் ஆரம்பிக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காமல் சொல்லிவிடுங்கள்.