நாய்மேல் விழுந்த பழி

பெரு நாட்டில் குஸ்கோ நகரை ஒட்டிய சான் ஹெரோனிமோ சந்தையில் வேகவைத்த சோளம் விற்கிற இலாரியாவுக்கு, சொந்தம் என்று இருந்தது பூகா என்ற நாய் ஒன்றுதான். சுரங்க வேலைக்குப் போன புருஷன் போனவன்தான். அங்கேயே வேறு குடும்பம் வைத்துக்கொண்டான். விடியுமுன் அவள் சோளப்பானையோடு கிளம்பினால் பூகா முன்னால் நடக்கும். எந்தக் குடிகாரனும் கிட்டே வரமாட்டான்.

போன மழைக்காலத்தில் அவளுக்கு இழுப்பு வந்தது. அடுப்படியில் உட்கார்ந்தால் தும்மல், கண்ணெரிச்சல், மூச்சுத் திணறல். ஊர் சும்மா இருக்குமா? நாய்தான் காரணம் என்று தீர்ப்பே எழுதிவிட்டது. பாவம், அவளும் நம்பி அதை வீட்டுக்குள் விடாமல் விரட்டினாள். அப்படியும் இழுப்பு நிற்கவில்லை. உதிர்ந்த முடி சுவரில் ஒட்டியிருக்கும் என்றாள் பக்கத்து வீட்டு கிரிசெல்டா. அவளுக்கு எதற்கும் பதில் உண்டு.

"நாயா உசுரான்னு பாருக்கா. எங்கண்ணன் மலையில ஆடு மேய்க்கிறான்ல, வெள்ளிக்கிழமை வந்து கூட்டிட்டுப் போயிடுவான்."

"அன்னிக்குக் காலையில ஆஸ்பத்திரில எதனால இழுப்புன்னு டெஸ்ட் எடுக்குறாங்கடி. நாய்தான்னு டாக்டரும் சொல்லிட்டா கூட்டிட்டுப் போகட்டும்," என்றாள் இலாரியா.

ஆஸ்பத்திரியில் டாக்டர் அவள் முன்கையில் வரிசையாகச் சொட்டு மருந்து வைத்து ஊசிமுனையால் குத்தினார். நாய், பூனை, தூசி என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சொட்டு, எது ஒத்துக்கொள்ளாதோ அந்த இடம் வீங்கும் என்று சொல்லி, கொஞ்ச நேரம் காத்திருக்கச் சொன்னார். அவள் கையைப் பார்க்கவே இல்லை, சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நாய்க்கு ஒண்ணும் வீங்கலம்மா. உங்க நாய் யோக்கியன்," என்றார் டாக்டர்.

இலாரியா பொலபொலவென்று அழுதுவிட்டாள்.

தூசிக்கும் பூனைக்கும்கூட வீக்கமில்லை. "வீட்ல வேற என்ன வளக்குறீங்க?"

"ஒண்ணும் இல்லியே."

"அடுப்படில?"

"அங்க கூய்ங்க ஓடும். அதப் போய் வளக்குறோம்னு யாராவது சொல்வாங்களா டாக்டர்? அது சாப்பாடு."

டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "எங்கம்மா அடுப்படிலயும்தான் கூய் ஓடுச்சு. நான் மொதல்லயே கேட்டிருக்கணும்."

கூய் என்பது கினிப் பன்றி, பெருச்சாளி அளவில் வால் இல்லாத சாதுப் பிராணி. அதை வறுக்காமல் அந்தப் பக்கம் ஒரு விசேஷமும் நடக்காது. அதற்கான சொட்டை வைத்துக் குத்தியதும் கை பணியாரமாக வீங்கி அரித்தது. இலாரியா சொறிந்துகொண்டே சிரித்தாள். டாக்டர் கையைப் பிடித்து முத்தமிட்டாள்.

வீடு திரும்பினால், கிரிசெல்டாவின் அண்ணன் பூகாவின் கழுத்தில் கயிறே கட்டிவிட்டிருந்தான்.

"அவுத்து வுடுப்பா. நாய் வேணாம், அடுப்படில இருக்குற கூயெல்லாம் நீயே புடிச்சுட்டுப் போ."

அவனுக்கு வாயெல்லாம் பல். "நான் அப்பவே நெனச்சேன்," என்றாள் கிரிசெல்டா, கொஞ்சமும் கூசாமல். ஆனால் அடுப்படியைக் கூட்டிக் கழுவிக் கொடுத்தவளும் அவள்தான்.

எல்லாரும் போனபின் இலாரியா கதவை அகலத் திறந்தாள். பூகா வாசலோடு நின்றது. விரட்டி விரட்டி அதற்குப் பயம் பிடித்திருந்தது. அவள் தரையில் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"உன்மேல ஒரு குத்தமும் இல்லடா ராசா. நான்தான் ஊர் பேச்சக் கேட்டுட்டேன். உள்ள வாடா."

பூகா முன்னங்காலை உள்ளே வைத்து, அவள் முகத்தைப் பார்த்து, மற்ற காலையும் வைத்தது.