இராய்தாவை நம்பாத மெஷின்

என் கோமாத்ரே இராய்தா சின்ட்ரோனுக்கு இந்த நாட்டில் வேலை செய்ய உரிமை உண்டா என்று ஒரு மெஷினுக்குச் சந்தேகம் வந்தது. மெஷினுக்குச் சந்தேகம் வந்துவிட்டால் மனிதர்கள் தங்கள் மூளையைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்துவிடுகிறார்கள். அந்தக் கூத்தைத்தான் சொல்லப்போகிறேன்.

கோமாத்ரே என்றால் அவள் என் மகளின் ஞானத்தாய். கூடப் பிறந்தவளிடம்கூட சண்டை போட்டுப் பேசாமல் இருந்துவிடலாம், கோமாத்ரேயிடம் முடியாது. நாங்கள் இருவரும் போர்ட்டோ ரிக்கோ தீவுக்காரிகள். அந்தத் தீவு அமெரிக்காவுடையது, அதனால் பிறக்கும்போதே அமெரிக்கக் குடிமக்கள். ஜார்ஜியா மாநிலத்தின் இந்தச் சின்ன ஊரில் இருபது வருடமாக இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலிக்கிறது. என் சலூனில் தலையைக் கொடுத்து உட்கார்ந்திருக்கும் சீமாட்டிகள் எல்லாவற்றையும் கேட்டுத் தலையாட்டுவார்கள். பிறகு, "அப்படியா, விசா எத்தனை வருஷத்துக்குக் குடுப்பாங்க?" என்பார்கள். கையில் கத்தரி இருக்கும்போது என்னிடம் இப்படிக் கேட்கிறவர்களின் துணிச்சலை மெச்சத்தான் வேண்டும்.

இராய்தா பதினாலு வருடம் நெடுஞ்சாலை ஓரத்து ஹோட்டலில் லாண்டரி வேலை பார்த்தாள். ஈரப் படுக்கை விரிப்புகளைத் தூக்கித் தூக்கி இரண்டு முழங்காலும் போய்விட்டன. மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு அந்த ஹோட்டல் முதலாளியின் வம்சத்தையே திட்டுவாள். அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். அரசுப் பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை. பகல் நேரம், கோடை விடுமுறை, முழங்காலை அறுத்துச் சரிசெய்யும் மருத்துவக் காப்பீடு. விண்ணப்பம் போட்டு மூன்று வருடம் காத்திருந்தாள். ஐம்பத்து நாலாவது வயதில் வேலை கிடைத்தது. கிடைத்த அன்றே லாண்டரி வேலையை விட்டுவிட்டாள்.

ஆறு நாள் வேலை பார்த்தாள். மூன்றாம் நாளே டப்பா பீன்ஸில் பூண்டும் குடைமிளகாயும் வதக்கிப் போட்டு, தட்டைக் குப்பையில் கொட்டும் பிள்ளைகளை இரண்டாம் தடவை வரிசையில் நிற்க வைத்தாள். ஏழாம் நாள், சாப்பாட்டு நேரத்தில், பள்ளி நிர்வாக அலுவலகத்திலிருந்து கெய்லின் என்ற பெண் கையில் ஒரு காகிதத்தோடு சமையலறைக்கே வந்துவிட்டாள்.

எங்கள் மாநிலத்தில் புதிதாக யாரை வேலைக்கு எடுத்தாலும் அவர் பெயர், பிறந்த தேதி, அரசு கொடுத்த எண் எல்லாவற்றையும் ஒரு கம்ப்யூட்டரில் தட்ட வேண்டும். சில விநாடியில் அது பதில் சொல்லும். 'இவர் வேலை செய்யலாம்' அல்லது 'சந்தேகம்'. காகிதமில்லாமல் வந்து வேலை பார்ப்பவர்களைப் பிடிக்க வந்த ஏற்பாடு. சொந்த நாட்டில் பாத்திரம் கழுவுவதற்குக்கூட ஒரு மெஷினிடம் போய் நிற்க வேண்டும், அது மனது வைத்து அனுமதி கொடுக்க வேண்டும். இதைத்தான் சுதந்திரம் என்று ஜூலை மாதத்தில் வாணவேடிக்கை விட்டுக் கொண்டாடுகிறோம்.

"மிஸ் இராய்தா, உங்க விவரம் ஒத்துப்போகலை. சரியாகிற வரைக்கும் வீட்ல இருங்க" என்றாள் கெய்லின். பக்கத்தில் மற்ற சமையல்காரிகள் எல்லோரும் கரண்டியைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"எதோட ஒத்துப்போகலை?"

"சிஸ்டத்தோட."

"நான் என்னோட ஒத்துத்தான் போறேன். சிஸ்டத்துக்கு என்ன கேடு?"

அன்று மாலையே நான் அந்தக் காகிதத்தை எடுத்துக்கொண்டு கெய்லினிடம் போனேன். அந்தக் காகிதத்திலேயே எழுதியிருந்தது: ஊழியரிடம் தனியாகச் சொல்ல வேண்டும், விஷயம் முடியும் வரை வேலையிலிருந்து நிறுத்தக் கூடாது.

"இதை நீ படிச்சியாம்மா?" என்று கேட்டேன்.

"மிஸ் மிக்தாலியா, இது குழந்தைங்களோட பாதுகாப்பு விஷயம். நாங்க ரிஸ்க் எடுக்க முடியாது."

"அவ குழந்தைங்களுக்கு பீன்ஸ்தானே போட்டா? குண்டா போட்டா?"

கெய்லின் புன்னகை செய்தாள். இந்த ஊரில் கதவைச் சாத்துவதற்குப் பதிலாகப் புன்னகை செய்வார்கள்.

கரண்டி பிடித்து நின்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஞாயிற்றுக்கிழமைக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. தேவாலயத்தில் 'நம் சகோதரி இராய்தாவின் காகிதங்களுக்காக' பிரார்த்தனை நடந்தது. அவளுக்குக் காகிதப் பிரச்சினையே இல்லை என்று ஆண்டவருக்குத் தெரியும், பாஸ்டருக்குத்தான் தெரியவில்லை. மளிகைக் கடையில் ஒரு நல்ல மனசுக்காரி அவள் கையில் ஒரு குடியேற்ற வக்கீலின் அட்டையைத் திணித்து, "பயப்படாதீங்க, எங்க தோட்டக்காரனை இவருதான் காப்பாத்தினாரு" என்று காதில் சொன்னாள். இராய்தாவின் அப்பாவை ராணுவம் வியட்நாமுக்கு இழுத்துக்கொண்டு போனபோது எந்த மெஷினுக்கும் சந்தேகம் வரவில்லை என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கிறேன்.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்கும் அரசு அலுவலகத்துக்குப் போக வேண்டும். எட்டு வேலை நாளுக்குள் போகாவிட்டால் மெஷின் சொன்னதே தீர்ப்பு. இராய்தா, அவள் புருஷன் வில்ஃப்ரேதோ, நான், மூவரும் போனோம். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஓர் அதிகாரி. தடுப்பு கனமானதால் அவர் கத்திப் பேசினார், பின்னால் வரிசையில் நின்ற நாற்பது பேரும் இராய்தாவின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டார்கள்.

"பிறந்த ஊர்? அம்மாவோட கல்யாணத்துக்கு முந்தின பேரு? இதுக்கு முன்னாடி எங்கெல்லாம் குடியிருந்தீங்க?" பிறகு திரையைப் பார்த்துக்கொண்டே, "ரொசாதோங்கிற பேர்லயும் இருந்திருக்கீங்க. முதல் கல்யாணம். பதினொரு மாசம். சரியா?"

பத்தொன்பது வயதில் நடந்த அந்தக் கல்யாணம் அவளுக்கும் எனக்கும் மட்டும் தெரிந்தது. அந்த ஆள் அவளை அடித்தான், அவள் தப்பித்து வந்து அந்தக் கதவைப் பூட்டினாள். முப்பத்தைந்து வருடம் பூட்டியிருந்த கதவை ஓர் அதிகாரி கொட்டாவி விட்டுக்கொண்டே திறந்தார். வில்ஃப்ரேதோ சுவரில் ஒட்டியிருந்த கொடியையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"சரிதான்" என்றாள் இராய்தா.

விஷயம் என்னவென்றால், ஆர்கன்சா மாநிலத்தில் ஒரு கோழி வெட்டும் ஆலையில் வேறொருத்தி எட்டு வருடமாக இராய்தாவின் பெயரிலும் எண்ணிலும் வேலை பார்த்துவருகிறாள். ஒரே எண் இரண்டு இடத்தில் தெரிந்ததால் மெஷின் எண்ணைப் பூட்டிவிட்டது.

"அவ சேர்றப்போ மெஷின் கேக்கலையா?" என்றேன் நான்.

"கேட்டுது. சரியா ஒத்துப்போச்சு."

"இப்ப அவளை யாராவது கேட்டீங்களா?"

"அவங்க பழைய ஊழியர், மேடம். புதுசா சேர்றவங்களைத்தான் சிஸ்டம் கேக்கும்."

திருடியவளைச் சில விநாடியில் நம்பிய மெஷின், உடையவளைப் பார்த்து நீ யார் என்றது. அதைச் சொல்லிய அதிகாரிக்குச் சிரிப்புகூட வரவில்லை.

எண் எப்படிப் போனது என்பதில் எங்கள் பங்கும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். எங்கள் தீவில் எதற்கெடுத்தாலும் பிறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். பள்ளியில் ஒன்று, தேவாலயத்தில் ஒன்று, வாலிபால் குழுவில் ஒன்று, கோடை முகாமில் ஒன்று. பார்த்துவிட்டுத் திருப்பித் தருகிற பேச்சே கிடையாது, அசலையே வாங்கி அலமாரியில் போட்டுக்கொள்வார்கள். அம்மாக்கள் ஐந்தாறு பிரதி எடுத்து வைத்திருந்து திருவிழாவில் மிட்டாய் கொடுப்பதுபோல விநியோகித்தார்கள். கடைசியில் திருடர்கள் அலமாரிகளை உடைத்து, சான்றிதழோடு கூடவே குறித்து வைத்திருந்த எண்ணையும் அள்ளிக்கொண்டு போய் விற்றார்கள். அரசாங்கம் முழித்துக்கொண்டு எல்லாச் சான்றிதழையும் செல்லாது என்று அறிவித்து, தீவையே வரிசையில் நிறுத்திப் புதிது கொடுத்தது. ஆனால் விற்றது விற்றதுதான். தான் எத்தனை இடத்தில் கொடுத்தாள் என்று இராய்தா விரல் விட்டு எண்ணிப்பார்த்தாள். ஒன்பது.

அப்புறம் நிரூபிக்கும் படலம். ஞானஸ்நானப் பதிவு, பள்ளிக்கூட மதிப்பெண், விவாகரத்துத் தீர்ப்பு, கர்ப்பப்பை எடுத்த ஆஸ்பத்திரிக் காகிதம். அவளுடைய உடம்பு, அவளுடைய கண்ணீர், எல்லாம் ஒரு மஞ்சள் உறைக்குள். கெய்லின் அவை எல்லாவற்றுக்கும் தனக்கும் ஒரு நகல் வேண்டும் என்றாள். எதற்கு என்று கேட்டால், "ஃபைலுக்கு" என்றாள். ஒரு சமையல்காரியின் கர்ப்பப்பையைப் பள்ளிக்கூடத்து ஃபைலில் வைத்து என்ன செய்வார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. வீட்டில் வில்ஃப்ரேதோ ஒரு வாரம் சோபாவில் தூங்கினான். முதல் கல்யாணத்துக்காகக் கோபம் இல்லையாம், தன்னிடம் சொல்லாததற்குத்தான் கோபமாம். கதவைத் திறந்துவிட்ட அதிகாரி மேல் கோபப்பட அவனுக்குத் தோன்றவே இல்லை. ஆண்பிள்ளை.

இருபத்து மூன்றாம் நாள் கடிதம் வந்தது. இராய்தா சின்ட்ரோன் வேலை செய்ய அனுமதிக்கப்படுகிறார். என்னையும் கூட்டிக்கொண்டு, இஸ்திரி போட்ட சட்டையோடு, பள்ளி அலுவலகத்துக்குப் போனாள்.

கெய்லின் போனில் இருந்ததால் தாழ்வாரத்தில் காத்திருந்தோம். சமையலறை ஏப்ரன் போட்ட ஒருத்தி தட்டுகளைத் தூக்கிக்கொண்டு எதிரே வந்தாள். முப்பது வயது இருக்கும். நாங்கள் ஸ்பானிஷ் பேசுவதைக் கேட்டு நின்று வணக்கம் சொன்னாள். புதிதாகச் சேர்ந்திருக்கிறாளாம். சட்டையில் யோலிமார் என்று பெயர் அட்டை. சொந்த ஊர் போர்ட்டோ ரிக்கோ என்றாள்.

"எந்த ஊரும்மா?" என்றாள் இராய்தா, முகம் மலர்ந்து.

"சான் ஹுவான்."

"எந்தத் தெரு? யாரோட பொண்ணு?"

"நடு ஊர்லதான்" என்றாள் அவள். தட்டுகள் லேசாக ஆடின.

இரண்டு தீவுக்காரர்கள் நிலாவில் சந்தித்தாலும் ஐந்து நிமிடத்தில் ஒரு பொது உறவைக் கண்டுபிடித்துவிடுவார்கள். நீ யார் வீட்டுப் பெண் என்று பதிலுக்குக் கேட்காமல் எங்களால் மூச்சுகூட விட முடியாது. இவள் ஒன்றும் கேட்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டாள். நான் இராய்தாவைப் பார்த்தேன். இவள் எங்கள் தீவுக்காரியே இல்லை என்று அவளுக்கும் விளங்கிவிட்டது.

உள்ளே கெய்லின் கடிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். "ரொம்ப சந்தோஷம், மிஸ் இராய்தா. ஆனா இடம் நிரம்பிடுச்சே. பிள்ளைங்களுக்கு யாராவது சமைக்கணும் இல்லையா?"

"நீ வீட்டுக்கு அனுப்பினதாலதானே நிரம்புச்சு" என்றேன் நான். புன்னகை.

பிறகு கெய்லின் குரலைத் தாழ்த்தினாள். "வந்திருக்கிறவங்களும் உங்க தீவுதான். சிஸ்டம் உடனே ஓகே பண்ணிடுச்சு. ஆனா எனக்கு ஏதோ உறுத்துது. நீங்க உங்க ஆளுங்களைப் பார்த்தாலே கண்டுபிடிச்சிடுவீங்கல்ல? ஏதாவது சரியில்லைன்னா என்கிட்ட சொல்லுங்க. இடம் இன்னிக்கே காலியாகும். நாளைக்கே நீங்க வரலாம்."

நான் மேசைக்கடியில் இராய்தாவின் காலை மிதித்தேன். சொல்லு என்றுதான் மிதித்தேன், ஒத்துக்கொள்கிறேன். மூன்று வருடக் காத்திருப்பு, இரண்டு முழங்கால், எல்லாவற்றுக்கும் ஒரு வார்த்தை போதும். அவள் பெயரைத் திருடியவளும் இப்படி ஒருத்திதானே.

இராய்தா கெய்லினின் கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"அவளை எனக்கு நல்லாத் தெரியும்" என்றாள். "அவங்க அம்மாவும் எங்க சின்னம்மாவும் ஒரே தெரு. நல்ல குடும்பம்."

"ஓ, அப்ப நிம்மதி" என்று கெய்லின் அந்தக் கணமே ஏதோ குறித்துக்கொண்டாள். நகல் கேட்கவில்லை.

காரில் ஏறியதும் நான் கத்தினேன். "பைத்தியமா பிடிச்சிருக்கு உனக்கு? உன் வேலை அது!"

"என் வேலை சமைக்கிறது, கோமாத்ரே. கெய்லின் குடுக்கப் பார்த்தது அந்த மெஷினோட வேலை." சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டாள். "பார்த்தியா? இருபத்து மூணு நாள் உண்மையைச் சொன்னேன், ஒருத்தியும் நம்பலை. ஒரு பொய் சொன்னேன், ஒரு காகிதம் கேட்டாளா?"

வழி முழுக்க எனக்கு அவள் மேல் அவ்வளவு கோபம். வீட்டு வாசலில் இறங்கும்போதுதான் அழுதாள்.

திங்கட்கிழமை அதே ஹோட்டல் லாண்டரியில் புது ஆளாகச் சேரப் போனாள். மேனேஜர் அவளைக் கட்டிப்பிடித்து வரவேற்றார். பதினாலு வருடம் தன் கண்ணெதிரே விரிப்பு துவைத்தவளின் பெயரை மெஷினில் தட்டிவிட்டு, அது பதில் சொல்லும் வரை கொஞ்சம் வெளியே நிற்கச் சொன்னார்.