பந்தாட்டத்துக்குக் குறுக்கே ஒரு பாவு

எங்கள் பந்தாட்டக் குழுவுக்குப் பேர்தான் சேலம். ஆடினதெல்லாம் சேலத்துக்கு வெளியே. ஈரோட்டிலிருந்தும் கோயமுத்தூரிலிருந்தும் ரயிலேறி வந்த குழுக்கள் ஸ்டேஷனில் இறங்கி, 'சேலத்து மைதானம் எங்கே?' என்று கேட்டால், யாராவது ஒருவர் வயல்வெளிப் பக்கம் கை நீட்டுவார். அவர்கள் சிரித்துக்கொண்டே மூன்று மைல் நடந்து வருவார்கள். அந்தச் சிரிப்பைக் கண்டால் எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

யுத்தம் வருவதற்கு முந்தின வருஷங்கள் அவை. அம்மாபேட்டையில் ஒரு தறிக்காரத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்திருந்தேன். என் வீட்டுக்காரர் குழித்தறியில் உட்கார்ந்தால் வேட்டி நெய்வார், எழுந்தால் பந்து பிடிப்பார். கோல்கீப்பர். டவுனில் நூல் வியாபாரம் செய்த முதலாளி ஒருவர்தான் குழுவை வைத்து நடத்தினார். பெங்களூர்ப் பக்கத்திலிருந்து மூன்று பேரைச் சம்பளத்துக்கு வரவழைத்திருந்தார். மீதி எட்டுப் பேரும் எங்கள் தெருக்காரர்கள். ஆட்டமுள்ள நாளில் தறி நின்றுபோவதற்கு ஈடாக அவர்களுக்கும் கூலி கொடுப்பார். பந்தை உதைப்பதற்கு ஒருத்தன் கூலி கொடுக்கிறானா என்று ஊரே வாயைப் பிளந்தது.

டவுனுக்குள் மைதானம் இல்லாமல் இல்லை. துரைமார் கிளப்புக்குச் சொந்தமாகப் பெரிய மைதானம் இருந்தது. புல்லை வெட்டி, சுண்ணாம்புக் கோடு போட்டு, சுற்றிலும் வேலி கட்டி வைத்திருப்பார்கள். வெறுங்காலோடு ஆடுகிற தறிக்காரனுக்கு அங்கே இடமில்லை. எங்கள் பேட்டைக்கென்று இருந்த வெட்டவெளி பாவடி. நெய்வதற்கு முன்னால் நூலை நீளமாக இழுத்துக் கட்டி, கஞ்சி தேய்த்துக் காயவைப்பதைத்தான் பாவு போடுவது என்போம்; அதற்கான இடம் அது. அங்கே ஒரு நாள் பந்து போய் ஒரு பாவின்மேல் விழுந்ததோ இல்லையோ, பேட்டையே திரண்டு வந்து ஆட்டக்காரர்களைத் துரத்திவிட்டது. அதில் தப்பே இல்லை. பாவு அறுந்தால் அடுப்பு எரியாது.

ஆகக்கடைசியில் கிடைத்தது ஊருக்கு வெளியே ஓர் ஏரி. பேருக்குத்தான் ஏரி, முக்கால்வாசி வருஷம் வெடித்துக் கிடக்கும். இரண்டு பக்கமும் மூங்கில் நட்டார்கள், மண்வெட்டியால் கோடு கீறினார்கள், ஆட ஆரம்பித்துவிட்டார்கள்.

பெண்கள் முதலில் போனது சோறு கொண்டுபோகத்தான். அவ்வளவு தூரம் நடந்து, ஆடி, பசியோடு திரும்பி வருவார்களே என்று தூக்கிக்கொண்டு போனோம். போன இடத்தில் ஏரிக்கரைமேல் உட்கார்ந்தால் ஆட்டம் முழுக்கத் தெரிந்தது. வேலி இல்லை, டிக்கெட் இல்லை, நீ யார் என்று கேட்க ஆளில்லை. அடுத்த ஆட்டத்துக்குச் சோறு இல்லாமலே போனோம். கடலைக்காயை மடியில் கட்டிக்கொண்டு, தெருவில் முக்கால்வாசிப் பெண்கள் கரைமேல் இருப்போம். ஆப்சைடு என்றால் என்னவென்று என் மாமியாருக்குத் தெரியும். ரெபரிக்குத் தெரியுமா என்பதில்தான் அவருக்குச் சந்தேகம். அதைச் சத்தமாகவே சொல்லுவார்.

கல்யாணமாகி வந்ததிலிருந்து வாயைத் திறந்து கத்துவதற்கு எனக்குக் கிடைத்த ஒரே இடம் அந்தக் கரைதான். வீட்டில் கத்தினால் அடங்காப்பிடாரி. கரையில் கத்தினால் ஆட்டக்காரனுக்குத் தெம்பு. அந்தச் சுகத்தை அனுபவித்தவளுக்குத்தான் தெரியும்.

ஒரு வருஷம் எங்கள் குழு கோப்பைக்கான கடைசி ஆட்டம் வரைக்கும் வந்துவிட்டது. எதிரில் கோயமுத்தூர் மில் குழு. அப்போதுதான் நூல்கடை முதலாளி எப்படியோ துரைமார் கிளப்பின் மனசைக் கரைத்து, டவுன் மைதானத்தை வாங்கிவிட்டார். வண்டியிலிருந்து இறங்கி, எங்கள் தெரு நடுவில் நின்று சொன்னார்:

"இனிமே ஏரி கீரின்னு எவனும் பேசக்கூடாது. டவுன்லயே ஆட்டம். டிக்கெட்டு உண்டு, நாற்காலி உண்டு, பெரிய தொரையே வாரார். எல்லாருக்கும் புது பனியன் தாரேன்."

ஆண்கள் ஆரவாரம் செய்தார்கள். எனக்கும் உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று, பொய் சொல்வானேன்? கோயமுத்தூர்க்காரனின் சிரிப்பு இனி அடங்கும் என்று நினைத்தேன். வண்டியில் ஏறப்போனவர் திரும்பி இன்னொன்றும் சொன்னார்.

"பொம்பளைங்க மட்டும் வர வேண்டாம். கெவுரதையா இருக்காது. கிளப்புல கண்டிசனாச் சொல்லிப்போட்டாங்க."

"ஏனுங்க," என்றேன். எப்படி வாய் வந்தது என்று தெரியவில்லை. "மூணு மைலு நடந்து ஏரிக்கு வந்தமே, அப்பெல்லாம் கெவுரதையா இருந்துச்சுங்களா?"

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. என் வீட்டுக்காரரைப் பார்த்து, "உன்ற சம்சாரத்துக்கு வாய் கொஞ்சம் நீளம்ப்பா" என்று சிரித்துவிட்டுப் போனார். தெருவும் சிரித்தது. இவரும் சிரித்தார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அன்றைக்குச் சோறு போடும்போது தட்டைச் சத்தமாக வைத்தேன்.

"ஒரு ஆட்டந்தானே," என்றார். "ஒண்ணு உடாம வந்து உனக்குச் சொல்றேன்."

"சொல்லிக் கேக்கறதுக்கு அது என்ன கதையா? உங்களை உள்ள உடாதப்ப நாங்க கூட நின்னோம். இப்ப உங்களுக்குக் கதவு தொறந்திருக்குது, எங்களைக் கரையிலயே உட்டுட்டுப் போறீங்க. முதலாளிகிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"எப்படிக் கேக்கறது? அது அவங்க எடம்."

"அப்ப நம்ம எடத்துல ஆடுங்க."

அவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிட்டார். மூலையில் ராட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த மாமியார் ராட்டையை நிறுத்தாமலே கேட்டார்:

"ஏம்மிணி, நம்ம பாவு எப்பப் போடோணும்?"

"நாளானிக்கு விடியக்காலங்க அத்த."

"ஆட்டத்தன்னிக்கு மத்தியானம் போட்டா என்ன?"

எனக்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. விளங்கினதும் எழுந்துபோய் எதிர் வீட்டுக் கதவைத் தட்டினேன்.

பாவடியில் முறை கிடைக்காதபோது தெருவிலேயே ஓரமாகப் பாவு நீட்டிக்கொள்வது எங்கள் வழக்கம். விடிவதற்குள் ஆரம்பித்து, வெயில் ஏறுவதற்குள் முடித்துவிட வேண்டும். உச்சி வெயிலில் போட்டால் கஞ்சி முறுகி இழை படபடவென்று அறுந்துபோகும். ஆனால் ஒன்று: ஈரப் பாவைத் தாண்டியோ அடியில் குனிந்தோ எங்கள் தெருவில் யாரும் போகமாட்டார்கள். கல்யாண ஊர்வலமானாலும் நின்றுதான் போகும். பிணமானாலும் நின்றுதான் போகும். எங்கள் தெருவிலிருந்து வெளியே போக இரண்டே வாய். வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை.

ஆட்டத்தன்று சாப்பாட்டு வேளை கழிந்ததும் இரண்டு வீட்டுப் பாவுகள் வெளியே வந்தன. ஒன்று எங்களுடையது. இன்னொன்று எதிர் வீட்டினுடையது. ஓரமாக ஓட வேண்டிய பாவுகள், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குக் குறுக்கே ஓடின, கிழக்கு வாயில் ஒன்று, மேற்கு வாயில் ஒன்று. பெண்கள் ஏழெட்டுப் பேர் கஞ்சியைத் தேய்க்க ஆரம்பித்தோம். அந்தப் பாவில்தான் எங்கள் வீட்டு அடுத்த ஒரு மாசச் சாப்பாடு இருந்தது.

புது பனியன் போட்டுக்கொண்டு வெளியே வந்த எட்டுப் பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள்.

"என்னாயா இது, இந்த வெயில்ல?" என்று என் வீட்டுக்காரர் அவருடைய அம்மாவைக் கேட்டார்.

"பாவு போடறோம். கண்ணு தெரியலியா?"

"ஆட்டத்துக்குப் போகோணுமே!"

"காஞ்சதும் போ சாமி. ஆரு வேண்டாங்கறா?"

நான் தலையை நிமிர்த்தாமல் சொன்னேன்: "எங்களையும் உள்ள உடச் சொல்லுங்க, இப்பவே பாவ எடுத்தர்றோம். இல்லீன்னா கோயமுத்தூர்க்காரங்கள ஏரிக்கு வரச் சொல்லுங்க."

ஆண்கள் கெஞ்சினார்கள், திட்டினார்கள், ஒருவர் தலையில் கை வைத்து உட்கார்ந்தேவிட்டார். சுவரேறிக் குதிக்கலாம் என்று யாரோ சொன்னார். புது பனியன் கிழியும் என்று இன்னொருவர் சொன்னார். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

அதற்குள் முதலாளியின் வண்டி கிழக்கு வாயில் வந்து நின்றது. அவர் முகம் வேர்த்திருந்தது. பெரிய துரை வந்து உட்கார்ந்துவிட்டாராம், மில் குழு மைதானத்தில் இறங்கிவிட்டதாம். நடந்ததைக் கேட்டதும் கத்தினார்:

"இதுக்கா நிக்கறீங்க? அறுத்துப் போட்டுட்டு வாங்கடா! நூலுதானே, என்ற கடையில மூட்டை மூட்டையாக் கெடக்குது, தாரேன்!"

பாவை அறுப்பதா? தெருவே அவரை முறைத்தது. அவருக்கு அது புரியவில்லை. பையிலிருந்து பேனாக்கத்தியை எடுத்து, விரித்து, எங்கள் பாவை நோக்கி இரண்டடி வந்தார்.

"முதலாளி, கை வெச்சராதீங்க."

சொன்னது என் வீட்டுக்காரர். உரக்கக்கூடச் சொல்லவில்லை. பாவின் அந்தப் பக்கம் கத்தியோடு முதலாளி, இந்தப் பக்கம் வெறுங்கையோடு இவர். ஒரு தறிக்காரன் தன்னைத் தடுத்து முதலாளி அதுவரை பார்த்ததில்லை போலிருக்கிறது. கத்தி விரித்தபடியே இருந்தது, கை மட்டும் இறங்கிவிட்டது.

அந்தச் சமயத்தில்தான் முதல் இழை அறுந்தது. வெயில் வேலையைக் காட்டத் தொடங்கியிருந்தது. பிறகு இன்னொன்று, இன்னொன்று. இவர் முதலாளியை விட்டுவிட்டு என்னிடம் திரும்பினார். கோபத்தில் அடிப்பாரோ என்று நினைத்தேன். என் கையிலிருந்த பிரஷைப் பிடுங்கி, "தண்ணி கொண்டா, சீக்கிரம்!" என்றார். மற்ற ஏழு பேரும் ஓடி வந்தார்கள். புது பனியனெல்லாம் கஞ்சியாக, எட்டு ஆட்டக்காரர்களும் குனிந்து, அறுந்த இழைகளைப் பொறுக்கிப் பொறுக்கி முடிந்தார்கள். முதலாளி கத்தியது, வண்டி புறப்பட்டது, ஒன்றையும் யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. பாவு காய்ந்து சுருட்டப்பட்டபோது ஆட்டத்துக்கான நேரம் போயே போய்விட்டது. கோப்பையை மில் குழுவுக்குக் கொடுத்துவிட்டார்கள்.

எங்கள் பேட்டையில் பல பேர், கோப்பையைக் கெடுத்தவளுகள் என்று எங்களை ரொம்ப நாள் ஏசினார்கள். ஆமாம், கெடுத்தோம். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்லுவேன். முதலாளி பனியன்களைத் திருப்பி வாங்கிக்கொண்டார், கூலியை நிறுத்தினார், பெங்களூர் ஆட்டக்காரர்களை அனுப்பிவிட்டார். நூலும் கிடையாது என்றார். வேறு கடையில் வாங்கினோம். குழு மட்டும் கலையவில்லை. மூன்று இளவட்டங்களைச் சேர்த்துக்கொண்டு பழையபடி ஏரிக்குப் போனார்கள். நாங்களும் போனோம்.

கொஞ்ச நாளில் கோயமுத்தூர் மில் குழுவே வந்தது. ஆடாமல் வாங்கின கோப்பை அவர்களுக்கும் உறுத்தியதாம். பாதி ஆட்டத்தில் அந்தக் குழுவின் தலைவர் கரையோரம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டே என் வீட்டுக்காரரைக் கேட்டார்: "ஏனுங்க, டவுன்ல அவ்வளவு பெரிய மைதானம் கெடக்குது. உங்கள அதுக்குள்ள உடமாட்டாங்களா?"

கேட்கும்போதே அந்தப் பழைய சிரிப்பு. என் காது விடைத்தது.

இவர் மோவாயிலிருந்த மண்ணைத் துடைத்துக்கொண்டார். கரைமேல் இருந்த எங்கள் எல்லாருக்கும் கேட்கும்படியாகச் சொன்னார்: "உட்டாங்க. நாங்கதான் போகலீங்க."

சொல்லிவிட்டு மிடுக்காகப் போய் மூங்கிலுக்கு நடுவில் நின்றவர், வந்த முதல் பந்தையே கோட்டை விட்டார். நான் கரையில் எழுந்து நின்று, டவுன் வரைக்கும் கேட்கட்டும் என்று அவரைத் திட்டினேன்.