குங்குமம் வைத்த டிஸ்க்

கீழப்பழுவூர் கடைவீதியில் முத்தமிழ்செல்வனிடம் முகத்தைக் காட்டாமல் தப்பித்தவர்கள் குறைவு. ஆதார் திருத்தம், பாஸ்போர்ட், காதுகுத்து, கல்யாணம், கடைசியில் கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ், எல்லாவற்றுக்கும் அவன் ஸ்டுடியோதான். அவன் படம் எடுத்தால் சீக்கிரமே பிளக்ஸில் ஏறிவிடுவோம் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. கிளப்பிவிட்டது யார் என்று என்னைக் கேட்காதீர்கள். என் பங்சர் கடை அவன் கடைக்கு அடுத்தது, அவ்வளவுதான் சொல்வேன்.

ஆனால் எங்கள் முத்துவிடமிருந்து ஒரு சேதி வாங்க முடியாது. ரிஜிஸ்டர் ஆபீசுக்கு ஓடுவதற்கு முன்னால் எத்தனையோ ஜோடிகள் பாஸ்போர்ட் சைஸ் எடுக்க அங்கேதான் வந்தன. "யாருப்பா அது, தத்தனூர்ப் பக்கமா?" என்று நைசாகக் கேட்பேன். "பொண்ணு கண்ண மூடிடிச்சி, ரெண்டாவது தடவ எடுத்தேன்" என்பான். அதோடு சரி. ஊர்வம்பு அத்தனையும் அவன் கம்ப்யூட்டரில் இருந்தது. ஒருவருக்கும் பிரயோஜனமில்லை.

எடுத்த எந்தப் படத்தையும் அழிக்க மாட்டான். "ஒருத்தர் மூஞ்ச அழிக்க நாம யாரு?" என்பான். அதனால் எல்லா முகமும் ஒரே ஹார்டு டிஸ்க்கில் சேர்ந்தது. வேறு இடத்தில் ஒரு நகல் வைத்துக்கொள்ளணும் என்ற புத்தி மட்டும் அவனுக்கு வரவே இல்லை.

பெண்டாட்டி மஞ்சு வேறு ரகம். வீட்டுக்குப் புதிதாக எது வந்தாலும் சந்தனம் வைத்து அதன் மேல் குங்குமம் வைக்காமல் விடமாட்டாள். குக்கருக்கு வைத்தாள், பைக்குக்கு வைத்தாள், நெட்டு கனெக்‌ஷனுக்கு வந்த டப்பாவுக்கும் வைத்தாள்.

போன புரட்டாசியில் ராசாத்தியின் மகள் பிரவீணா சுண்ணாம்புக்கல் லாரியில் அடிபட்டுச் செத்தாள். நர்சிங் சேர்ந்த பிள்ளை. பஸ்ஸுக்கு நிற்கும்போது நடந்தது. லாரி நிற்காமல் போனதா, நின்று போனதா என்று இன்னமும் கோர்ட்டில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பையும் போனும் பிள்ளையோடு சக்கரத்துக்கு அடியில் போய்விட்டன. ராசாத்திக்குப் புருஷன் கிடையாது, வேறு பிள்ளையும் கிடையாது.

கருமாதி அன்றைக்குப் படத்திறப்பு வைப்பது இங்கே வழக்கம். பெரிதாக ஒரு படம் போட்டு, வெள்ளைத் துணியால் மூடி, சொந்தத்தில் மூத்தவர் ஒருத்தர் துணியை விலக்குவார். அதற்குப் படம் வேண்டுமே? மார்க் சீட்டில் இருந்தது கடுகு சைஸ், பெரிதாக்கினால் வெறும் புள்ளிகள். காலேஜுக்கு எடுத்த பாஸ்போர்ட் சைஸில் மிச்சம் இருந்தவை பையோடு போய்விட்டன. சிநேகிதிகளின் போனில் தேடினார்கள். எல்லாம் பூனைக் காது, நாய் மூக்கு வைத்த படங்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் போனில் ஒருநாளும் சொந்த மூக்கோடு நிற்பதில்லை. ராசாத்தி ஒவ்வொரு போனாக வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

அப்போதுதான் முத்து சொன்னான்.

"எங்கிட்ட ஒண்ணு இருக்கும்மா. காலேஜ் பாரத்துக்குப் பாஸ்போர்ட் சைஸ் எடுக்க வந்துச்சில்ல, அன்னிக்கு நானா ஒண்ணு எடுத்தேன். தாடைய தூக்கும்மான்னேன், அதுக்கு மேல தூக்கினா செவுத்துல இடிக்கும் மாமான்னு சிரிச்சிச்சி. அந்தச் சிரிப்போட எடுத்துட்டேன். பிரிண்டு போடல, உள்ள இருக்கு."

"அது போதும்ண்ணே. அதப் பெருசாப் போட்டுக் குடு" என்றாள் ராசாத்தி. மகள் செத்த பிறகு அவள் ஒரு முழு வாக்கியம் பேசியது அன்றைக்குத்தான்.

நேரம் பார்த்துத்தான் அந்தக் கம்ப்யூட்டர் மக்கர் பண்ணியது. ஆன் செய்தால் கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து, டிஸ்க் கிடைக்கவில்லை என்று ஒரு வரி. பெட்டிக்குள்ளிருந்து டக் டக்கென்று சத்தம். முத்து பெரம்பலூருக்கு போன் போட்டு நஜீமுதீனை வரவழைத்தான். நஜீமுதீன் லப்பைக்குடிக்காட்டுப் பிள்ளை. ஷார்ஜாவில் பத்து வருஷம் இந்த வேலையே பார்த்துவிட்டு வந்து, பெரம்பலூரில் கடை வைத்திருக்கிறான்.

சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டான். "அண்ணே, டிஸ்க் மூச்சு வாங்குது. ஆனா இன்னும் உயிர் இருக்கு. அடுத்தவாட்டி ஸ்டார்ட் ஆவும், ஆவாம போவும், நம்ப முடியாது. புது டிஸ்க் வாங்கி அப்படியே நகல் எடுத்துடுவோம். உள்ள இருக்கறது அச்சு மாறாம அதுல வந்துடும்."

"படம் எல்லாம் வருமா பாய்?"

"இன்ஷா அல்லாஹ், எல்லாம் வரும்."

அதே கம்பெனியில் அதே அளவில் புது டிஸ்க் வந்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன. நஜீமுதீன் பாக்கெட்டிலிருந்து சிவப்பு மார்க்கரை எடுத்து, பழைய டிஸ்க்கின் நெற்றியில் ஒரு பொட்டு மாதிரி வைத்தான்.

"சவப்பு இருந்தா பழசு. எப்ப வேலை செஞ்சாலும் இதான் என் பழக்கம். மாத்தி மாட்டினா வெறும் டிஸ்க்க கொண்டுபோய் நெறஞ்ச டிஸ்க் மேல ஊத்துன மாதிரி ஆயிடும்."

நகல் ஓட ஆரம்பித்தது. பாதியில் கரண்டு போனது. பேட்டரி கொஞ்சம் தம் பிடித்துவிட்டு அதுவும் படுத்துவிட்டது. கரண்டு வந்ததும் புது டிஸ்க்கை மட்டும் மாட்டிப் பார்த்தால், அதே கறுப்புத் திரை, அதே வெள்ளை எழுத்து.

"பரவால்லண்ணே. நகல் அரைகுறையா நின்னுடிச்சி, அதான் கெளம்பல. படமெல்லாம் இன்னும் பழசுலதான் இருக்கு. முதல்லேருந்து எடுத்துடலாம். எங்கக்கா மவ ஹுமாவுக்கு நிக்காஹ், நான் போயே ஆவணும். முடிச்சிட்டு ஓடியாந்துடறேன். அதுவரைக்கும் ரெண்டையும் தொடாதீங்க."

இடையில் ஆயுத பூஜை வந்தது.

ஆயுத பூஜைக்குக் கடையைத் துடைக்காமல் இருக்க முடியுமா? நானே பங்சர் கடையில் காற்றடிக்கிற மெஷினை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தேன். முத்து கேமரா, லைட், ஸ்டாண்டு எல்லாவற்றையும் துடைத்தான். லென்ஸ் பெட்டியைத் துடைக்க வைத்திருந்த ஸ்பிரிட்டில் துணியை நனைத்து, மேசை மேல் கிடந்த பழைய டிஸ்க்கையும் ஒரு இழுப்பு இழுத்தான். அதில் என்ன போனது என்று அவன் பார்க்கவில்லை.

மஞ்சு கிண்ணத்தோடு வந்தாள். கேமராவுக்கு வைத்தாள், பிரிண்டருக்கு வைத்தாள். திறந்து கிடந்த கம்ப்யூட்டர் பெட்டிக்குள் புது டிஸ்க் பளபளவென்று இருந்தது. அதன் நெற்றியில் சந்தனம் வைத்து, மேலே குங்குமம் வைத்தாள். மேசை மேல் கிடந்த பழசைப் பார்த்தாள்.

"செத்ததுக்கு எதுக்கு?" என்று தாண்டிப் போய்விட்டாள்.

நஜீமுதீன் திரும்பி வந்தபோது கருமாதிக்கு ஒரு நாள்தான் இருந்தது. ஸ்டுடியோ வாசல் பெஞ்சில் ராசாத்தி உட்கார்ந்திருந்தாள். உள்ளே வரச் சொன்னால் வரவில்லை, டீ கொடுத்தால் குடிக்கவில்லை. வேலை பார்க்கிறவன் முதுகில் அவள் கண் இருந்தது.

சந்தனம் காய்ந்து உதிர்ந்திருந்தது. பெட்டிக்குள் இருந்த டிஸ்க்கில் சிவப்பு மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே, டிஸ்க்க மாத்தி வச்சீங்களா? சவப்பு உள்ள இருக்கு?"

"பூஜைக்கு எல்லாத்தையும் எடுத்துத் தொடச்சேன் பாய். இப்படியும் அப்படியும் ஆயிருக்கும்."

நஜீமுதீன் அதை ஆன் செய்து பார்த்தான். வெள்ளை எழுத்து. மற்றதை மாட்டிப் பார்த்தான். அதுவும் வெள்ளை எழுத்து. பழசின் டக் டக் சத்தமும் அன்றைக்குப் பார்த்து எதிலும் கேட்கவில்லை. கேபிளை மாற்றினான். செட்டிங்கில் போய் எந்த டிஸ்க்கிலிருந்து கிளம்பணும் என்பதை மாற்றி வைத்தான். பென் டிரைவ் போட்டு ரிப்பேர் கொடுத்தான். இரண்டும் ஒரே வரியைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லின. கடைசியில் சிவப்பு இருந்ததைப் பழசு என்று வைத்து, அதிலிருந்து சிவப்பு இல்லாததற்கு நகலை ஓடவிட்டான். சொந்தக் கையால் வைத்த அடையாளத்தை எவன் சந்தேகப்படுவான்?

இந்தத் தடவை கரண்டு போகவில்லை. அது ஒன்றுதான் ஒழுங்காக நடந்தது.

சாயங்காலம் நகல் முடிந்தது. கம்ப்யூட்டர் கிளம்பவில்லை. பென் டிரைவ் வழியாக உள்ளே போய்ப் பார்த்தான். இரண்டு டிஸ்க்கிலும் ஒரே அரைகுறை. படங்கள் இருக்கிற பக்கம் இரண்டிலும் காலி. நகல் அவ்வளவு சுத்தமாக விழுந்திருந்தது.

நஜீமுதீன் பெட்டியை மறுபடி திறந்தான். டிஸ்க்கைக் கழற்றிக் கையில் எடுத்தான். கட்டை விரல் அந்தச் சிவப்பில் பட்டது. விரலைப் பார்த்தான், பொடி ஒட்டியிருந்தது. மார்க்கர் மை விரலில் ஒட்டாது. மோந்து பார்த்தான்.

"அண்ணி, இது என்ன?"

மஞ்சு எட்டிப் பார்த்தாள். "குங்குமம் தம்பி. புதுசாச்சேன்னு வச்சேன்."

நஜீமுதீன் மற்ற டிஸ்க்கைத் திருப்பினான். நெற்றி வெறுமையாக இருந்தது. வெளிச்சத்தில் சாய்த்தால், துடைத்த இடத்தில் ரோஸ் நிறத்தில் ஒரு சாயல்.

"யா அல்லாஹ்" என்று அவன் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஸ்பிரிட்டில் நனைத்த துணி ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. முத்து போய் அதை எடுத்துப் பார்த்தான். முனையில் சிவப்பு இருந்தது. வெளியே போய் ராசாத்தியிடம் அவனே சொன்னான். நானும் கூட நின்றேன். மூன்று வார்த்தைதான் சொன்னான்: "படம் போச்சும்மா. என்னாலதான்."

திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று நினைத்தேன். அவள் பெஞ்சிலிருந்து எழுந்து அன்றைக்கு முதல் தடவையாக ஸ்டுடியோவுக்குள் வந்து, நீலத் திரைக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"என்ன எடு."

"ராசாத்தி..."

"அவ அச்சா என்ன மாதிரின்னுதான எல்லாரும் சொல்லுவீங்க? எடு. அப்பறம் இந்த நரைய எடுத்துடு. கன்னத்துல சுருக்கத்த எடுத்துடு. பொட்டு கறுப்பா வை, அவ கறுப்புப் பொட்டுதான் வைப்பா. உனக்குத்தான் அவ மூஞ்சி ஞாபகம் இருக்குல்ல?"

முத்து கேமராவைத் தூக்கினான். எப்போதும் சொல்கிற அந்தத் தாடை வார்த்தை வாயில் வரவில்லை. அவளே தூக்கிக்கொண்டாள்.

நஜீமுதீன் தன் லேப்டாப்பைத் திறந்து கொடுத்தான். முத்து உட்கார்ந்தான். நரை போனது, சுருக்கம் போனது, கண்ணுக்குக் கீழே கறுப்பு போனது. கறுப்புப் பொட்டு வந்தது. நான் பின்னாலிருந்து பார்த்தேன். ராசாத்தி போய்விட்டாள், பிரவீணா வரவில்லை. நடுவில் ஏதோ ஒரு பெண்பிள்ளை நின்றது, விளம்பரத்தில் வருவது மாதிரி. முத்து வாயோரத்தை இழுத்து இழுத்துச் சிரிப்பு வரவழைக்கப் பார்த்தான். தோள் குலுங்கியது. மஞ்சு வந்து அவன் கையை மவுசிலிருந்து எடுத்துவிட்டாள்.

"அதையே போடு" என்றாள் ராசாத்தி.

மறுநாள் பந்தலில் ஊரே கூடியிருந்தது. நாற்காலி மேல் படம், மேலே வெள்ளைத் துணி, அதன் மேல் மாலை. ராசாத்தியின் பெரியப்பா நடராசன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு துணியின் முனையைப் பிடித்தார்.

"பெரிப்பா, எடுக்காதீங்க."

"என்னம்மா, நேரம் ஆவுது."

"துணி அப்படியே இருக்கட்டும். அதுக்குள்ள அவ இல்ல."

பெரியவர் கையை எடுத்துவிட்டார். மூடின துணிக்கே பூப் போட்டோம், வரிசையாக வந்து கும்பிட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தோம். முத்து பந்தலுக்குள் வரவில்லை. ரோட்டின் எதிர்ப்பக்கம் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான். நஜீமுதீன் பக்கத்தில் நின்றான்.

இரண்டு டிஸ்க்கையும் திருச்சிக்குக் கொண்டுபோய்க் காட்டினார்கள். ஒன்றின் மேல் ஒன்று எழுதியாகிவிட்டது, இனி எடுக்க முடியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். நஜீமுதீன் வேறொரு டிஸ்க் போட்டு, எல்லாவற்றையும் புதிதாக ஏற்றிக் கொடுத்தான். இப்போது அந்தக் கம்ப்யூட்டர் கண் மூடித் திறப்பதற்குள் கிளம்பிவிடுகிறது. சுமக்க ஒரு முகம்கூட இல்லாதபோது அதற்கு ஏன் மூச்சு வாங்கப் போகிறது?

முத்து கடையை மூடவில்லை. முன்பு மாதிரிதான் படம் எடுக்கிறான். ஒன்று கேட்டால் இரண்டு பிரிண்டு போட்டு, "வூட்டுல ஒண்ணு வைங்க" என்று கையில் திணிக்கிறான். சிரிக்கிற பிள்ளைகள் வந்தால் மட்டும், சிரிக்காம இரும்மா என்கிறான். பாஸ்போர்ட்டுக்கு ஆகாது என்று காரணம் சொல்கிறான்.

ராசாத்தி வீட்டில் அந்தப் படம் இன்னும் சுவரில் தொங்குகிறது, துணியோடு. தீபாவளிக்குத் துணியை மட்டும் துவைத்துப் போட்டாளாம். அதை மாற்றும்போது கண்ணை மூடிக்கொண்டுதான் மாற்றினாள் என்று அடுத்த வீட்டுக்காரி சொன்னாள். இந்தச் சேதியை மட்டும் நான் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை.